கணக்குக் கேட்காத தலைவர்

அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷனில், சுருக்கமாக என்.ஆர்.ஏ.வில், தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், மேடையில் பேசுவார், படம் எடுக்க நிற்பார். பணப்பெட்டிச் சாவி, ஆள் சேர்ப்பது, ஆளை நீக்குவது, வாஷிங்டனில் யாரைத் தட்டிக்கொடுப்பது, யாரை மிரட்டுவது என்பதெல்லாம் நிர்வாகத் துணைத் தலைவர் என்ற இன்னொருவர் கையில். ‘துணை’ என்றிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். ஆனாலும் அதிகாரம் இல்லாத அந்தத் தலைவர் நாற்காலியில் எந்தக் காலத்தில் யாரை உட்காரவைத்தார்கள் என்று பார்த்தால், ஊருக்கு எதைக் காட்ட நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

1871-ல் நியூயார்க்கில் சங்கம் பிறந்தபோது காட்ட நினைத்தது ராணுவ ஒழுங்கு. உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாய்களுக்கு ஒழுங்காகக் குறிபார்க்கக்கூடத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில், அந்தப் படையில் இருந்த இருவர் தொடங்கிய சங்கம் அது. லாங் ஐலண்டில் க்ரீட்மோர் என்ற இடத்தில் சுடுகளம் அமைத்தார்கள். முதல் தலைவர் ஜெனரல் ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு. ஃப்ரெடரிக்ஸ்பர்க் போரில் தன் படையைப் படுதோல்விக்கு நடத்திச் சென்றவர். காதோரம் இறங்கி மீசையோடு கலந்த அவருடைய அடர்ந்த கிருதா, அவர் நடத்திய போர்களைவிடப் பிரபலம். போர்த்திறமைதான் தகுதி என்றால் வேறு ஆள் கிடைத்திருப்பார். சில ஆண்டுகள் கழித்து, நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் யுலிசஸ் கிராண்டும் அந்த நாற்காலியில் இருந்தார். பிரபல முகத்தை முன்னால் நிறுத்தும் பழக்கம், பின்னாளில் தலைவரான ஒரு சினிமாக்காரரோடு வந்ததல்ல.

1934-ல் தலைவராக இருந்தவர் கார்ல் ஃப்ரெடரிக். வழக்கறிஞர், 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கியவர். நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்லப் போனவர், கண்டவரும் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு திரிவதில் தனக்கு உடன்பாடு இல்லை, அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, உரிமம் பெற்றவருக்கு மட்டும் அனுமதிக்கலாம் என்றார். இன்று அதே சங்கத்தின் மேடையில் யாராவது இதைச் சொன்னால், பேசி முடிக்கும்வரை மைக்கை விட்டுவைப்பார்களா என்பது சந்தேகம்.

சங்கம் திசை மாறியது 1977-ல், சின்சினாட்டியில். தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றி, வேட்டை, சுடுபயிற்சி என்று ஒதுங்கிவிட அன்றைய நிர்வாகிகள் நினைத்திருந்தார்கள். ஹார்லன் கார்ட்டர் தலைமையில் திரண்ட உறுப்பினர்கள், விடிய விடிய நடந்த கூட்டத்தில் அவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து அது அரசியல் சங்கம். முகம் என்பது அவசரத் தேவையாக ஆனதும் அந்த அரசியலால்தான்.

1995-ல் நிர்வாகத் துணைத் தலைவர் வெய்ன் லாபியேர் பெயரில், நன்கொடை கேட்டு உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் போனது. துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் அரசு அதிகாரிகளை அது அடியாட்கள் என்று ஏசியது. அதே வேளையில் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் செத்தார்கள். ஆயுள் உறுப்பினராக இருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் மூத்த புஷ், கடிதத்தைக் கண்டித்துப் பகிரங்கமாக விலகினார். வெளியே அவப்பெயர். உள்ளே வேறு தலைவலி: லாபியேர் போதிய அளவு தீவிரமாக இல்லை என்று சங்கத்தின் கடும்போக்காளர் நீல் நாக்ஸின் அணி அவரைக் கவிழ்க்கப் பார்த்தது. வெளியே நல்ல பெயர் வாங்கித் தரவும் உள்ளே நாக்ஸை வீழ்த்தவும் ஒரே ஆள் வேண்டும். அப்படிக் கிடைத்தவர்தான் சார்ல்டன் ஹெஸ்டன்.

‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தில் செங்கடலைப் பிளந்த மோசே. ‘பென்ஹர்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆளுயரமும் அடிவயிற்றிலிருந்து எழும் குரலும் வரலாறு பேச வந்தவர் என்று நம்பவைக்கும். அவருடைய பழைய கதை இன்னும் சுவாரசியமானது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனுக்கு நடத்திய பேரணியில் கலந்துகொண்ட நடிகர்களில் ஹெஸ்டனும் ஒருவர். 1968-ல் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஆதரித்து கிரிகரி பெக், கிர்க் டக்ளஸ், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஆகியோர் வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரும் உண்டு. முப்பது ஆண்டுகளில் மனிதர் எதிர்க்கரைக்கு வந்துவிட்டார். சங்கத்துக்கு அது குறையாகப் படவில்லை. சிவில் உரிமைக்காக நடந்த கால்கள் இப்போது துப்பாக்கி உரிமைக்காக நடக்கின்றன என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஹெஸ்டனும் மேடைகளில் அப்படித்தான் பேசினார்.

1997-ல் இயக்குநர் குழுவின் வாக்கெடுப்பில் நாக்ஸை மயிரிழையில் தோற்கடித்து முதல் துணைத் தலைவரானார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் தலைவர். பத்து மாதம் கழித்து, 1999 ஏப்ரல் 20-ல், கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் பள்ளி மாணவர் இருவர் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அதற்கு முன்பே பக்கத்து டென்வர் நகரில், மே முதல் நாளுக்கு முடிவாகியிருந்தது. வர வேண்டாம் என்று மேயர் கேட்டுக்கொண்டார். துப்பாக்கிக் கண்காட்சியை ரத்துசெய்து, கூட்டத்தையும் சுருக்கினார்களே தவிர, வராமல் இருக்கவில்லை. வெளியே ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புக் காட்ட, உள்ளே ஹெஸ்டன் எழுந்து, இது எங்களுக்கும் நாடுதான், வரக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்ற பொருளில் பேசினார். அந்த நாளில் லாபியேர் மட்டும் அங்கே நின்றிருந்தால் செய்திப்படங்களில் ஓர் இடைத்தரகரின் முகம் தெரிந்திருக்கும். தெரிந்ததோ மோசேயின் முகம். ஒரு பிரபலத்தால் ஆகும் வேலை என்ன என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது என்று நினைக்கிறேன்.

பலரும் நினைவில் வைத்திருப்பது 2000 மே மாதம், சார்லட் நகர மேடையை. பேச்சின் முடிவில் ஒரு பழைய காலத்து நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். சற்று நிறுத்தினார். தேர்தலில் நின்ற துணைக் குடியரசுத் தலைவர் அல் கோரைப் பெயர் சொல்லி விளித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, என் பிணத்தின் கையிலிருந்துதான் இதைப் பிடுங்க முடியும் என்றார். அது அவருடைய வசனம் அல்ல. காரின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கரில் பல ஆண்டுகளாக இருந்த வாசகம். அதற்கு அவர் கொடுத்தது அந்த இடைவெளியையும் குரலையும்தான். அந்தத் தேர்தலில் கோர் சொந்த மாநிலமான டென்னஸியிலேயே தோற்றார். அதில் என்.ஆர்.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கிளின்டனே பிறகு எழுதினார்.

வழக்கமாகத் தலைவருக்கு ஒரு வருடப் பதவிக்காலம் இரண்டு முறை கிடைக்கும். ஹெஸ்டனுக்காக விதியைத் திருத்தி ஐந்து வருடம் வைத்துக்கொண்டார்கள். 2002-ல் தனக்கு அல்ஸைமர் நோயின் அறிகுறிகள் தெரிவதாக அவரே அறிவித்த பிறகும், 2003 ஏப்ரல் வரை விடவில்லை. ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ ஆவணப்படத்தில் அதை எடுத்த மைக்கேல் மூர் அவர் வீட்டுக்கே போய்க் கேள்வி கேட்க, பாதியில் எழுந்து போகும் கிழவரைப் பார்த்தவர்கள் இருவர் பக்கமும் பேசினார்கள். மூர் கேட்டவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். கேட்க வேண்டிய ஆள் லாபியேர். ஆனால் கேமரா தேடிப் போவது முகத்தை.

அதன் பிறகு வந்த தலைவர்களின் பெயர் சங்கத்துக்கு வெளியே பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மறுபடி பிரபலத்தைத் தேடியது 2018-ல். ஆலிவர் நார்த்: ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சி முன் சாட்சி சொல்லி நாடறிந்தவர், பிறகு ஃபாக்ஸ் நியூஸ் முகம். ஹெஸ்டனைப் போலத்தான் இவரும் இருப்பார் என்று லாபியேர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஹெஸ்டன் மேடையோடு நின்றவர். நார்த் கணக்குக் கேட்டார். வக்கீல் கட்டணம் இவ்வளவு ஏன், செலவை ஆராயக் குழு வேண்டும் என்று தொடங்கினார். கணக்குக் கேட்டவருக்கு என்ன நடக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நார்த்தும் துறவி அல்ல. சங்கத்துக்குப் பல்லாண்டு விளம்பர வேலை பார்த்த ஆக்கர்மன் மெக்வீன் நிறுவனத்திடமிருந்து அவருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது; அந்த நிறுவனத்தோடுதான் அப்போது சங்கம் வழக்காடியது. லாபியேர் விலக வேண்டும் என்று நார்த் சொல்ல, மிரட்டிப் பார்க்கிறார் என்று லாபியேர் இயக்குநர்களுக்குக் கடிதம் எழுதினார். 2019 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் ஆண்டுக் கூட்டத்தில், மறுபடி போட்டியிடவில்லை என்ற நார்த்தின் கடிதத்தை வேறொருவர் வாசித்தார். அதே சண்டையில் கசிந்த கடிதங்களில், பெவர்லி ஹில்ஸ் கடையில் லாபியேர் கோட்டு சூட்டுக்கு ஆன இரண்டரை லட்சம் டாலருக்கும் மேலான கணக்கு வெளியே வந்தது.

டென்வருக்கும் இன்றைக்கும் உள்ள தூரத்தை 2022 மே மாதம் ஹூஸ்டனில் அளக்கலாம். டெக்ஸஸ் மாநிலம் யுவால்டி தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட மூன்றாம் நாள், அதே மாநிலத்தில் சங்கக் கூட்டம். கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்த டான் மெக்லீன், லீ கிரீன்வுட், லாரி கேட்லின் போன்ற பாடகர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். 1999-ல் நட்சத்திரம் சங்கத்துக்காக மேடையேறியது. 2022-ல் நட்சத்திரங்கள் சங்கத்திடமிருந்து பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தன. வந்து பேசியவர் டிரம்ப். இப்போது துப்பாக்கிக் கட்சியின் முகம் அவர்தான். அவருக்குச் சங்கம் எந்த நாற்காலியும் தர வேண்டியதில்லை.

சங்கப் பணம் முறைகேடாகச் செலவானது என்று நியூயார்க் அரசு தலைமை வழக்கறிஞர் லெடிஷியா ஜேம்ஸ் தொடுத்த வழக்கில், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் லாபியேர் பதவி விலகினார். 2024 பிப்ரவரியில் மன்ஹாட்டன் நடுவர் குழு, சங்கத்துக்கு அவர் 54 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுத்தினார் என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் சம்பளத்தோடு அங்கே எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது என்று நீதிபதி தடை விதித்தார். அந்த ஆண்டு தலைவரானவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பாப் பார். 2025-ல் வந்தவர் பில் பாக்கன்பெர்க், பென்சில்வேனியாவைச் சேர்ந்த தொழிலதிபர். சீர்திருத்தம் பேசிய அணியின் ஆதரவு பெற்றவர். திரையில் அவரை யாரும் பார்த்ததில்லை. இத்தனை வழக்குக்குப் பிறகு அந்த நாற்காலியில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியதும் கணக்குப் புத்தகத்தைத்தான்.