லாகூர் முதல் நாக்பூர் வரை: சிறைக்குள் உண்ணாவிரதம்

1929 ஜூலை. லாகூர் சிறையில் உண்ணாவிரதம் இருந்த கைதிகளின் பானைகளில் தண்ணீருக்குப் பதிலாகப் பாலை ஊற்றி வைத்தார்கள் அதிகாரிகள். தாகம் தாங்காமல் குடித்துவிடுவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கைதிகள் பானைகளையே உடைத்தெறிந்தார்கள்.

பகத்சிங்கும் பி.கே. தத்தும் ஜூன் மாதமே உணவை மறுத்திருந்தனர். ஜூலை 13 அன்று ஜதீந்திரநாத் தாஸ் உள்ளிட்ட தோழர்களும் சேர்ந்துகொண்டனர். அவர்கள் கேட்டது விடுதலை அல்ல. நல்ல சாப்பாடு, படிக்கப் புத்தகம், செய்தித்தாள், கட்டாய வேலையிலிருந்து விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது.

பிரிட்டிஷ் அரசு ரப்பர் குழாயால் பதில் சொன்னது. பலர் சேர்ந்து கைதியை அமுக்கிப் பிடிக்க, மருத்துவர் மூக்கு வழியே குழாயைச் செருகிப் பாலை ஊற்றுவார். குழாய் உள்ளே போகாதபடி தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ள, கிஷோரி லால் மிளகாயை விழுங்கிக் கொதிநீரைக் குடித்தார். ஜதீந்திரநாத் தாஸுக்குப் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. 63 நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, செப்டம்பர் 13 அன்று உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 24. உடல் ரயிலில் கல்கத்தாவுக்குப் போனது. வழியெங்கும் ரயில் நிலையங்களில் மக்கள் திரண்டு நின்றார்கள். மத்திய சட்டமன்றத்தில் ஜின்னாவும் மோதிலால் நேருவும் அரசைக் கண்டித்துப் பேசினார்கள்.

அந்த உயிருக்குப் பலன் இருந்தது, ஆனால் அரைகுறையாக. அடுத்த ஆண்டு கைதிகளை ஏ, பி, சி என வகுப்பு பிரித்தது அரசு. படிப்பையும் வசதியையும் வைத்து வகுப்பு கொடுத்தது; ‘அரசியல் கைதி’ என்ற தகுதியை மட்டும் ஏற்கவே இல்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகு குழாய் மருத்துவமனைக்குள் நுழைந்தது. 2000 நவம்பரில், மணிப்பூரின் மாலோமில் துணை ராணுவத்தினர் 10 பேரைச் சுட்டுக்கொன்றதை அடுத்து, ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி உண்ண மறுத்தார் இரோம் ஷர்மிளா. கைதியாக இருந்து அவர் உண்ணாவிரதம் இருக்கவில்லை. உண்ணாவிரதம் இருந்ததால் கைதியானார். தற்கொலை முயற்சி என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவில் வழக்கு. அதற்கு உச்ச தண்டனை ஓராண்டு. ஆகவே ஆண்டு முடிந்ததும் விடுவிப்பார்கள், அவர் உண்ண மறுப்பார், மீண்டும் கைது. இம்பால் மருத்துவமனை அறையில் மூக்குக் குழாயோடு இப்படியே ஓடின ஆண்டுகள். 2016 ஆகஸ்டில்தான் அவர் முடித்துக்கொண்டார்.

கைதிகளின் கோரிக்கைகளும் பெரிதாக மாறிவிடவில்லை. சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த பேராசிரியர் ஜி.என். சாய்பாபா, 2022 மே மாதம் நாக்பூர் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். கழிப்பிடமும் குளிக்கும் இடமும் தெரியும்படி அறையில் கேமரா வைத்திருக்கிறார்கள், ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தர மறுக்கிறார்கள் என்று அவர் குடும்பத்தார் முறையிட்டார்கள். 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

சட்டம் மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. மன உளைச்சலில் உயிரை மாய்க்க முயன்றவரைத் தண்டிக்காதது நல்ல மாற்றம்தான். ஆனால் புதிதாக 226ஆவது பிரிவு வந்திருக்கிறது. அரசு ஊழியரைப் பணியவைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை என்கிறது அது. உண்ணாவிரதம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் உண்ணாவிரதக்காரர் மேல் பாய்வதற்கு அதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை.

சுயநினைவோடு உணவை மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக உணவூட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா பிரகடனம் தெளிவாகச் சொல்கிறது. கைதி நம்பும் மருத்துவரை அனுப்புங்கள். கைதி கேட்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஜதீந்திரநாத் தாஸைத் தியாகி என்று போற்றும் நாட்டில், அவர் ஏந்திய போராட்டத்தைக் குற்றமாக்கும் பிரிவுக்கு இடம் இருக்கக் கூடாது. 226ஐ நீக்க வேண்டும்.