குப்பை மேட்டில் வளர்ந்த மரங்கள்

தாராவியில் பல வீட்டு வாசலில் ஓர் எண்ணெய் டின் இருக்கும். அதில் துளசி இருக்கும். அல்லது கறிவேப்பிலை இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு மதினியின் கறிவேப்பிலைச் செடி மஞ்சளாகிப் போனது. மதினிக்கு வருத்தம்.

"விடியற்காலையில் எழுந்து குழாயில் பிடிக்கிற தண்ணீர். அதில் தினமும் இரண்டு சொம்பு ஊற்றுகிறேன். பிறகும் ஏன் வாடுது?" என்று கேட்டார்.

டின்னைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் ஓட்டையே இல்லை. மண் சேறாக இருந்தது. வேர் பாதி அழுகிக் கறுத்திருந்தது.

வேரும் நம்மைப் போல் மூச்சு விடுகிறது. மண்ணில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று இருக்கும். தண்ணீர் தேங்கினால் காற்றுக்கு இடமில்லை. வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது.

மண்ணும் பல விதம். மணலில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். களிமண்ணில் தேங்கி நிற்கும். கும்பார்வாடாவில் பானை செய்ய அந்தக் களிமண் நல்லது. செடிக்கு அது மட்டும் போதாது. மணலும் மக்கிய உரமும் கலக்க வேண்டும். மக்கிய உரம் மண்ணைப் பொலபொலப்பாக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும். செடிக்கு உணவும் தரும்.

தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். உள்ளே போனால் காடு மாதிரி இருக்கும். 1970களில் அந்த இடம் மும்பையின் குப்பை மேடு! பிறகு அங்கே மண் போட்டு மரம் நட்டார்கள். 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. மரங்களின் இலை உதிர்கிறது. மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை மக்க வைக்கின்றன. இப்படி மரமே தனக்கு மண்ணைச் சேர்த்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் பை மட்டும் மக்குவதில்லை.

பூங்காவை ஒட்டி மித்தி ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? கூடாது. அங்கே கடல் நீர் ஏறி வருகிறது. மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் என்ன ஆகும்? மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வரும், இல்லையா? உப்பு நீர் வேரையும் அப்படித்தான் வாட்டும். அலையாத்தி மரம் மட்டும் அந்த உப்புச் சேற்றில் வளரும். அதன் மூச்சு வேர்கள் பென்சில் போலச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மாகிம் பக்கம் போனால் பாருங்கள்.

ஆற்றில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. சாக்கடைத் தண்ணீரில் கீரை தளதளவென்று வளரலாம். ஆனால் நோய்க் கிருமி கீரையில் ஒட்டியிருக்கும். ஆலைக் கழிவின் நஞ்சு கீரைக்கு உள்ளேயே ஏறிவிடும். அது கழுவினாலும் போகாது.

பூங்காவில் மழைத் தண்ணீரைக் குளத்தில் சேர்க்கிறார்கள். நம் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

மதினி டின்னின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டார். உடைந்த பானை ஓட்டை அடியில் பரப்பினார். மண்ணும் மணலும் மக்கிய உரமும் கலந்து போட்டார். அழுகிய வேரை வெட்டிவிட்டுச் செடியை நட்டார். இப்போது மண்ணில் விரலை விட்டுப் பார்க்கிறார். காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

மூன்று வாரத்தில் துளிர் வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு சொம்புதான் செலவாகிறது.