மருத்துவமனைக் குறைகளை யாரிடம் சொல்வது?

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நான்கு பேர் நின்றால், பேச்சு எப்படியும் மருத்துவமனையில் வந்து நிற்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கப் பெண் மருத்துவர் இல்லை. காப்பீட்டு அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனையில் தனியாகப் பணம் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு குறை இருக்கும். அரை மணி நேரம் பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். அடுத்த வாரமும் அதே குறை, அதே பேச்சு.

அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேருவதே இல்லை. மருத்துவம், முதியோர் நலன், மாற்றுத்திறனாளிகள் நலன் ஆகியவற்றில் பொதுமக்கள் தங்கள் கருத்தையும் குறையையும் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் பல வழிகள் உள்ளன. அவற்றை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

புகார் சொன்னால் அது புறம் பேசுவதாகாதா?

நம்மில் பேணுதலான பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு. "அந்த டாக்டரைப் பற்றி எழுதிக் கொடுத்தால் அது கீபத் ஆகிவிடாதா ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

புறம் பேசுவது பெரும் பாவம் என்பதில் சந்தேகமில்லை. அதே சமயம், ஒருவரது குறையை அவர் இல்லாதபோது எடுத்துச் சொல்வது எந்தெந்தச் சூழலில் ஆகும் என்பதையும் நம் இமாம்கள் விளக்கியுள்ளார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் ஆறு சூழல்களைக் குறிப்பிடுகிறார்கள். முதலாவது, அநீதி இழைக்கப்பட்டவர் அதை நீக்கும் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது. இரண்டாவது, ஒரு தீமையை மாற்ற முடிந்தவரிடம் உதவி கேட்டுச் சொல்வது.

இந்த அளவுகோலை நம் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டீக்கடையிலும் திண்ணையிலும் மருத்துவரையும் செவிலியரையும் பெயர் சொல்லிப் பேசுகிறோமே, கேட்பவர் யாருக்கும் அதை மாற்றும் அதிகாரம் இல்லை. அங்கேதான் நாம் பயப்பட வேண்டும். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், உரிய அதிகாரியிடம் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. பேச வேண்டிய இடத்தில் தயங்கி, பேசக் கூடாத இடத்தில் தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஊர் அளவில்

கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஆண், பெண் அனைவரும் இதன் உறுப்பினர்கள். சுகாதார நிலையத்துக்குச் செல்லும் பாதை, குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லாதது என எதையும் இங்கே எழுப்பலாம். வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். தீர்மானமாகப் பதிந்துவிட்டால் ஊரின் கோரிக்கை என்ற தகுதி அதற்கு வந்துவிடுகிறது.

நகரங்களில் இருப்பவர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உள்ளன. தமிழ்நாட்டில் இவை 2022 முதல் நடைமுறைக்கு வந்தன. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபை எப்போது, எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் ஏற்பட்ட அமைப்பு இது. நோயாளிகள் உட்கார இருக்கை, குடிநீர், கழிப்பறைப் பராமரிப்பு, சிறு பழுதுகள் போன்றவற்றை இதன் மூலம் சரிசெய்ய முடியும். இப்படியொரு சங்கம் இருப்பதே பலருக்குத் தெரியாது. மருத்துவ அலுவலரைப் பார்த்து, சங்கக் கூட்டத்தில் எங்கள் ஊர்க் கோரிக்கையையும் வையுங்கள் என்று எழுத்து மூலம் கேட்கலாம்.

மாவட்ட அளவிலும் தொலைபேசியிலும்

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுக்கும் மனு பதிவாகி, எண் தரப்பட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படுகிறது. நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதியலாம்.

மருத்துவத்துக்கென்றே உள்ள எண் 104. உடல்நலம் பற்றிய ஆலோசனையும் கிடைக்கும். அரசு மருத்துவமனை குறித்த புகாரையும் சொல்லலாம். ஆம்புலன்ஸுக்கு 108 என்பது எல்லோருக்கும் தெரிகிறது. 104ஐயும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போதும். "எங்கள் சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை?" என்று கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

காப்பீடும் பைத்துல்மாலும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குப் பணம் கட்டாமல் மருத்துவம் பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது இது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் சென்றால் அட்டை பெறலாம்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஆபரேஷன் என்றதும் ஏழைக் குடும்பங்கள் பைத்துல்மாலைத் தேடி வருகின்றன. ஜகாத் நிதியிலிருந்தோ, வெளிநாட்டில் உள்ள சகோதரர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டோ பணம் திரட்டிக் கொடுக்கிறோம். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்தச் சிகிச்சை காப்பீட்டில் வரக்கூடியதா என்று முதலில் பார்த்தோமா? அரசே செலுத்த வேண்டிய தொகையை ஜகாத்திலிருந்து கொடுத்துவிட்டால், எந்தத் திட்டத்திலும் சேர முடியாத இன்னொரு ஏழைக்குச் சேர வேண்டியது குறைந்துவிடுகிறது.

அட்டை இருந்தும், காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால், கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத புகார் நிற்காது.

தனியார் மருத்துவமனைகள்

"நாம் காசு கொடுத்துப் பார்க்கிறோம், இதில் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று நினைக்க வேண்டாம். தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டியவை. மாவட்டத்தில் இதைக் கவனிப்பவர் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். புகாரை அவருக்கு அனுப்பலாம். பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமை சாசனத்தில் நமக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஆண் மருத்துவர் ஒரு பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். நம் சகோதரிகள் இதைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை. இரண்டு, கட்டணத் தகராறைக் காட்டி இறந்தவரின் உடலைத் தராமல் வைத்திருக்கக் கூடாது. மேலும், நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை.

கேட்டதால் மாறிய ஒரு விதி

எழுதிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். விபத்தில் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால் பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே உடல் கிடைக்கும். மாலை மயங்கிவிட்டால் பரிசோதனை கிடையாது என்பது நெடுங்கால நடைமுறை. அசருக்குப் பின் மவ்த் ஆனவரின் ஜனாஸாவுக்காக மறுநாள் லுஹர் வரை குடும்பம் பிணவறை வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதிக்காமல் அடக்க வேண்டும் என்று கருதும் நமக்கு அது எவ்வளவு பெரிய வேதனை!

தனக்கு வந்த கோரிக்கைகளை ஆராய்ந்த மத்திய சுகாதார அமைச்சகம், 2021 நவம்பர் 15 அன்று இந்த விதியை மாற்றியது. தேவையான வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம். இரவில் செய்யும் பரிசோதனையை வீடியோ பதிவு செய்ய வேண்டும். கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, சிதைந்த உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்குச் சட்டம் ஒழுங்குக் காரணம் இருந்தாலொழிய இது பொருந்தாது. உடல் உறுப்பு தானத்துக்கும் இது உதவும் என்று அரசு சொன்னது.

விதி மாறியதால் மட்டும் உங்கள் ஊர் மருத்துவமனையில் இரவில் பிணவறை திறந்துவிடாது. அங்கே அதற்கான வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வரும் என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் ஆட்சியரிடமும் ஜமாஅத் கேட்க வேண்டும். ஒரு மரணம் நேரும் நாளில் போய்க் கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

வீட்டோடு இருப்பவர்கள்

வெளியே வந்து குறை சொல்ல முடியாதவர்களைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். படுக்கையில் கிடக்கும் பெரியத்தா, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு தனியே போராடும் தாய், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் வாப்பாமார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் உண்டு. வருபவர்கள் பெண் தன்னார்வலர்கள் என்பதால் நம் வீட்டுப் பெண்களுக்கு வசதியானது. இத்தாவில் இருக்கும் பெண்கள் சிகிச்சைக்காக வெளியே செல்ல மார்க்கத்தில் தடையில்லை. ஆனாலும் தயங்கி மாத்திரையை விட்டுவிடுபவர்களுக்கு இது பெரிய உதவி. உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லையா? சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். நடக்காவிட்டால் 104இல் சொல்லுங்கள்.

முதியோருக்கான உதவி எண் 14567. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உள்ளது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர முடியும். பெற்றோரின் கடமையை மிம்பரில் பேசும் நாம், கைவிடப்பட்ட ஒரு தாயின் மனுவை எழுதிக் கொடுக்கவும் முன்வர வேண்டும்.

பெண்கள் எப்படி முறையிடுவது என்று தயங்குவோருக்கு ஒரு நினைவூட்டல். குர்ஆனின் 58வது அத்தியாயத்துக்கு 'அல்முஜாதலா' என்று பெயர். தன் குடும்பத்தில் நேர்ந்த அநீதியை நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்ட கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களின் முறையீட்டோடு அந்த அத்தியாயம் தொடங்குகிறது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

"ஆஸ்பத்திரி சரியில்லை" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த நேரம், எந்தப் பிரிவு, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்து தர வேண்டும் – இவை இருந்தால் போதும். "கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் நாளில் பெண் பணியாளர் இல்லை. இந்த மாதம் மூன்று வாரமும் இப்படியே நடந்தது. பெண் பணியாளர் ஒருவரை நியமித்துத் தர வேண்டுகிறோம்" என்பது ஒரு நல்ல மனு. ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள்.

நல்லது நடந்தால் அதையும் எழுதுங்கள். இரவெல்லாம் கண்விழித்துப் பிரசவம் பார்த்த செவிலியரைப் பாராட்டி நான்கு வரி எழுத நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

மேலே சொன்ன எண்களையும் கிராம சபைத் தேதிகளையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கிராம சபைக்கு முந்தைய ஜும்ஆவில் அறிவிக்கலாம். படித்த இளைஞர்கள் இருவரை மனு எழுதிக் கொடுக்க நியமிக்கலாம். பெண்கள் மதரஸா வழியாகப் பெண்களின் குறைகளைக் கேட்டுத் தொகுக்கலாம். பைத்துல்மால் விண்ணப்பத்தில் "காப்பீட்டு அட்டை உள்ளதா?" என்று ஒரு கேள்வி சேர்க்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்தால் அது எல்லா வீட்டுக்கும்தான் தீர்கிறது. நாம் எழுதிக் கொடுக்கும் மனுவால் பயன்பெறுபவர்களில் நம் தெருவின் எல்லாச் சமயத்தவரும் இருப்பார்கள். அடுத்த கிராம சபைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்கள் வீட்டுக் குறை எதுவோ அதை ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். நன்மையில் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.