சொறிநாய்

'சொறிநாய்' என்னும் தொடரை மாணாக்கருக்கு இருவகையாக விரித்துக் காட்டுவதுண்டு. சொறியை உடைய நாய் எனின் வேற்றுமைத்தொகை. சொறிந்த, சொறிகின்ற, சொறியும் நாய் எனின் வினைத்தொகை. முன்னது நோயைச் சொல்லி விலக்குகின்றது. பின்னது செயலைச் சொல்லிக் காரணம் வினவச் செய்கின்றது. இவ்வேற்றுமையை யான் என் நாயிடமே கற்றேன்.

எங்கள் வீமன் சென்ற ஆண்டு இரவும் பகலும் தன் வாலடியைக் கடித்தது. மயிர் உதிர்ந்து தோல் சிவந்தது. 'சொறிதான், வாகனக் கழிவெண்ணெய் பூசுங்கள்' என்றார் அயலவர். யானும் ஆராயாது பூசினேன். தோல் புண்ணாயிற்று, எண்ணெயை நக்கிய நாய் வாந்தியெடுத்தது. என்னைக் கண்டதும் அது விறாந்தை மூலையில் ஒடுங்கியதை இன்றும் மறந்திலேன்.

மிருக வைத்தியர் அதன் மயிரைச் சீப்பினால் வாரி, உதிர்ந்த கருந்துகளை நனைந்த வெண்தாளில் இட்டார். துகள் செந்நிறமாய்க் கரைந்தது. அது குருதியுண்ட தெள்ளின் எச்சமாம். தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும் என்றார்.

தீங்கற்ற பொருளையும் உடல் பகையென மயங்கி எதிர்ப்பதே ஒவ்வாமை. வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்கே 1906இல் இதற்கு 'அலர்ஜி' எனப் பெயரிட்டார். ஒவ்வாமையுற்ற மனிதர் பலர் தும்முவர். நாயோ பெரும்பாலும் சொறியும். வாலடி அரிப்பின் தெள்ளை ஐயுறுக. பாதத்தை ஓயாது நக்கினும், காது அடிக்கடி புண்படினும், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுயிர், மகரந்தம், உணவு ஆகியவற்றை ஆராய்க. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்பனவும் சில நாய்களுக்கு ஒவ்வா. வைத்தியர் வழிகாட்ட, முன்பு உண்ணாத உணவை மட்டும் எட்டு வாரமேனும் அளித்து, பின் பழைய உணவைக் கொடுத்துப் பார்த்தலே தெளிவு தரும். தொற்றும் சொறியும் உண்டாதலின், வேறுபாட்டை வைத்தியரே துணிதல் வேண்டும். குளவி கொட்டியபின் முகம் வீங்கினும், மூச்சுத் திணறினும், நாய் தளர்ந்து வீழினும் கணமும் தாழ்த்தலாகாது.

வீமனுக்கும் வீட்டுப் பூனைக்கும் அவ்வவற்றுக்குரிய மருந்தை இட்டோம். தெள்ளின் முட்டை படுக்கையிலும் தரை வெடிப்பிலும் கிடக்குமாதலின், சாக்குகளை வெந்நீரில் தோய்த்து, மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினோம். சில திங்களில் மயிர் தழைத்தது. வீமனும் என் காலடிக்கு மீண்டது.

ஒவ்வாமை அடக்கத்தக்கதே, அறவே நீங்குவது அரிது. இன்று வீமன் சொறிந்த நாய். யான் மருந்திட மறப்பின் மீண்டும் சொறியும் நாய்.