'ஸ்பீக்' என்றால் 'பேசு' மட்டும்தானா? இன்டர்வியூவுக்கு முன் ஒரு நிமிஷம்!

தருமபுரியிலிருந்து ஓசூர், பெங்களூரு என்று வேலை தேடிப் போகிறவர்களை மிரட்டும் கேள்வி: 'டூ யூ ஸ்பீக் இங்கிலீஷ்?' அகராதியைத் திறந்தால் 'ஸ்பீக்' என்பதற்குப் 'பேசு' என்று இருக்கும். ஆனால், விஷயம் அதோடு முடியவில்லை.

தமிழோடு ஒத்துப்போகும் இடங்கள்

போனில் 'ராஜா பேசுறேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ராஜா ஸ்பீக்கிங்'தான். சண்டை போட்டுக்கொண்ட இருவருக்குள் 'பேச்சுவார்த்தை இல்லை' என்றால், 'நாட் ஆன் ஸ்பீக்கிங் டேர்ம்ஸ்'. 'பொண்ணைப் பேசி வெச்சாச்சு' என்பதற்கும் ஜோடி உண்டு: 'ஸ்போக்கன் ஃபார்'. சொல்லி வைத்துத் தைக்கும் 'பிஸ்போக்' சூட்டும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

சறுக்கும் இடங்கள்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் 'விலை பேசுவோம்'. அதை 'ஸ்பீக் த பிரைஸ்' என்று சொல்ல முடியாது. 'நெகோஷியேட்' அல்லது 'பார்கெய்ன்'. 'ஐ வில் ஸ்பீக் யூ' தப்பு. நடுவில் 'டு' வேண்டும். 'அவர் வரேன்னு சொன்னார்' என்பதற்கு 'ஸ்போக்' வராது, 'செட்' வரும். யாரிடம் சொன்னார் என்பதும் சேர்ந்தால், 'டோல்ட் மீ'. அரட்டைக்கு 'டாக்' பொருந்தும். 'ஸ்பீக்' கொஞ்சம் ஃபார்மல்.

அதிகம் பேசாத 'ஸ்பீக்கர்'

சபையில் மற்றவர்களைப் பேசவைப்பவருக்கு ஏன் 'ஸ்பீக்கர்' என்று பெயர்? இங்கிலாந்தில் மக்களவையின் கருத்தை மன்னரிடம் எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலை. 1377-ல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டுக்கு முதன்முதலில் அந்தப் பட்டம் வந்தது. நம் 'சபாநாயகர்', 'பேரவைத் தலைவர்' இரண்டிலும் பேச்சே இல்லை! ஒருவருக்காகப் போய்ப் பேசுவது 'ஸ்பீக் ஃபார்'. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் செய்ததும் அதைத்தான். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி.

இன்டர்வியூவில் என்ன சொல்லலாம்?

'வாட் லாங்குவேஜஸ் டூ யூ ஸ்பீக்?' என்று கேட்டால், 'தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ்' என்று நிறுத்திவிடாதீர்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் மாவட்டம் இது. வீட்டில் தெலுங்கு பேசுகிறீர்களா? சந்தையில் கன்னடம் பேசிப் பழக்கமா? எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதைச் சொல்லலாம். 'ரீட்', 'ரைட்' இரண்டும் தனிக் கேள்விகள். 'ஸ்பீக்' கேட்பது சர்டிஃபிகேட்டை அல்ல; உங்களால் பேச முடியுமா என்பதைத்தான்.