குடியை விட்டபின்

நெடுநாள் குடித்த ஒருவர் மருத்துவமனையில் ஏழெட்டு நாள் தங்கித் தெளிந்து வீடு திரும்புகிறார். கை நடுங்கவில்லை; பசிக்கிறது; பேச்சில் தெளிவு இருக்கிறது. நோய் தீர்ந்தது என்று வீட்டார் மகிழ்கின்றனர். இரண்டு மாதம் சென்றதும் அவரே மீண்டும் அதே மருத்துவமனையின் படியேறினால், ‘மனவுறுதி அற்றவர்’ என்று ஊரார் ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். அத்தீர்ப்பு எவ்வளவு பொருந்தும்?

மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் அது வந்து சேர்வதால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் கிளர்ச்சியை மிகுதிப்படுத்திக் கொள்கிறது. திடீரென்று மது நின்றால் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதன் பின்னர்ச் சன்னியும் காணலாம். உயிருக்கே ஊறு நேரக்கூடும் ஆதலால், பெருங்குடியர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது. இந்த ஒரு வாரத்தை மருத்துவமனை காத்துக் கொடுக்கிறது. உறக்கக் கேடும் மனச்சோர்வும் குடிவேட்கையுமோ பல மாதம் உடன் வருகின்றன.

1971இல் ஹன்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர் மூவர், மது, புகையிலை, ஹெராயின் ஆகியவற்றை விட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மூன்றிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே பழைய பழக்கத்திற்குத் திரும்பியிருந்தனர். பொருள் வேறு, மனிதர் வேறு. இடர்க்காலம் மட்டும் ஒன்றே.

அக்காலத்தில் மனச்சோர்வு உடையவரும், உறக்கம் இழந்தவரும், வேலையும் துணையும் அற்றவரும், மருத்துவரைத் தொடர்ந்து காணாதவரும் எளிதில் வழுக்குகின்றனர். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் உண்டு. கேட்டுப் பெறுவோர்தாம் குறைவு. முன்பே பலமுறை இம்மருத்துவம் பெற்றவர்க்கும் இடர் மிகுதி. பழகப் பழக எளிதாகும் என்று நாம் எண்ணுவோம், இங்கே நேர்மாறு. குடிப்பதும் நிறுத்துவதுமாக இருப்பவரின் மூளை ஒவ்வொரு முறையும் மேலும் கடுமையாகக் கிளர்ந்தெழக்கூடும். முதன்முறை வெறும் நடுக்கமாய்ப் போனது நான்காம் முறை வலிப்பாக வரலாம்.

ஒருமுறை வழுக்கியவர் ‘இனி என்ன இருக்கிறது’ என்று தம்மையே கைவிடுவதும் உண்டு. வீட்டாரும் கைவிட்டால் அவ்வழுக்கல் வீழ்ச்சியாகிறது.

அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர் வாழ்ந்தார்; பெருங்குடியர். 1935 மே மாதம், குடியை விட்டிருந்த பில் வில்சனைச் சந்தித்தபின் தாமும் நிறுத்தினார். சில வாரங்களில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டிற்குச் சென்றவர், குடித்து நிலைகுலைந்து திரும்பினார். வில்சன் அவரை விட்டு விலகவில்லை. ஓர் அறுவைக்குச் செல்ல வேண்டிய காலையில், ஸ்மித்தின் கை நடுங்காதிருக்க அவரே ஒரு புட்டி பீர் கொடுத்தாராம்! ஸ்மித் அருந்திய கடைசி மது அதுவே. அவ்விருவரும் தொடங்கிய சங்கமே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1950 நவம்பரில் இறக்கும்வரை ஸ்மித் மீண்டும் குடிக்கவில்லை.