புனையப்படும் பாவை: மரப்பாச்சியின் ஆடையணி மரபும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பின்புலமும்

ஆய்வுச்சுருக்கம்

நவராத்திரிக் கொலுவில் இடம்பெறும் மண்பொம்மைகள் ஆடையும் அணியும் வண்ணமாகத் தீட்டப்பெற்றே இல்லத்திற்கு வருகின்றன. மரப்பாச்சி மட்டும் ஆடையின்றி வருகிறது. அதற்கு ஆண்டுதோறும் ஆடை உடுத்தி அணி பூட்டுவது இல்லத்துப் பெண்களின் பணியாக இருந்து வருகிறது. மரத்தைச் செதுக்கும் கலை கைவினையாகப் பெயர்பெற்றுப் பதிவும் பெறுகிறது. அம்மரத்தை உடுத்தும் கலை பெயரின்றி நிற்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ள சூழலில், மரப்பாச்சியின் ஆடை எவ்வாறு அமைகிறது, அதில் அடங்கியுள்ள நுட்பங்கள் யாவை, அது ஏன் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரப்பாச்சி, கொலு, பாவை, புனைவு, சொப்பு, கள்ளக்குறிச்சி மரச்சிற்பம், புவிசார் குறியீடு.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, மேற்கே கல்வராயன் மலையையும் வடக்கே தென்பெண்ணையாற்றுப் பகுதியையும் உள்ளடக்கியது. இம்மாவட்டத்தின் மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மரத்தில் உருவம் சமைக்கும் கலைக்கு இவ்வாறு ஓர் ஏற்பு கிடைத்திருக்கும் நிலையில், அவ்வுருவத்தைச் சுற்றி இயங்கும் பிற கலைகளையும் எண்ணிப்பார்ப்பது பொருத்தமாகும். அவற்றுள் ஒன்று பாவைக்கு ஆடை உடுத்துதல்.

மரப்பாச்சி கள்ளக்குறிச்சிக்கே உரிய பொருளன்று. தமிழகம் முழுவதும் வழங்குவது. கொலு வைக்கும் வழக்கமும் எல்லா இல்லங்களுக்கும் உரியதன்று. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வழிபாடு கரிராமனை முதன்மையாகக் கொண்ட வேறொரு மரபினது. ஆகவே, இங்குக் கூறப்படும் ஆடைமரபை மாவட்டத்து மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்குதல் கூடாது என்பது முதற்கண் தெளிவுபடுத்தத் தக்கது.

பாவையும் புனைவும்

பாவை செய்து விளையாடும் மரபு சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. கோரைப் புல்லால் செய்த பாவையைப் பைஞ்சாய்ப்பாவை என ஐங்குறுநூறு (155) குறிக்கிறது. பாவையை நெய்தல் பரப்பில் கிடத்திவிட்டு வரும் காட்சி குறுந்தொகையில் (114) அமைந்துள்ளது. பாவையைப் படுக்கவைத்தல், காத்தல், அதற்காக வருந்துதல் ஆகிய செயல்கள் விளையாட்டின் பகுதியாகவே அக்காலத்தில் கருதப்பட்டமை இதனால் புலனாகிறது.

நுண்ணறிவு இல்லாதவனின் அழகுக்கு உவமை கூறுமிடத்து, மண்ணால் சிறப்பாகப் புனையப்பட்ட பாவையைத் திருக்குறள் (407) காட்டுகிறது. 'புனைதல்' என்னும் சொல் செய்தல், அலங்கரித்தல் ஆகிய இரு பொருளையும் தரும். பாவையை உருவாக்கும் தொழிலையும் அதை ஒப்பனை செய்யும் தொழிலையும் தமிழ் ஒரே வினையால் குறித்தது கருதத்தக்கது. பிற்காலத்தில் இவ்விரு தொழில்களும் பிரிந்தன. உருவாக்குதல் தச்சரிடமும் குயவரிடமும் தங்கியது. மரப்பாச்சியைப் பொறுத்தவரை ஒப்பனை செய்தல் இல்லத்தைச் சேர்ந்தது.

மரமும் அலங்காரமும்: வட்டாரப் பின்புலம்

மரம் நிலைத்திருக்க அலங்காரம் மாறிவரும் வழக்கம் கள்ளக்குறிச்சி வட்டாரக் கோயில்களிலும் காணப்படுகிறது. திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் கோயிலின் மூலவர் திருமேனி மரத்தாலானது எனத் தலமரபு கூறும். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில், சித்திரை மாதத்தில், அரவானின் மரச்சிரசு தேரில் ஏற்றப்பட்டு வைக்கோலும் மாலைகளும் கொண்டு உடல் அமைக்கப்படுகிறது. களப்பலி முடிந்தபின் அவ்வலங்காரம் கலைக்கப்படுகிறது. மரம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கிறது. அலங்காரம் அந்த ஆண்டோடு முடிகிறது.

மரப்பாச்சி இதே அமைப்பின் இல்லச் சிற்றுரு எனலாம். ஆண், பெண் என இணையாகச் செதுக்கப்படும் இப்பொம்மைகள் திருமணச் சீரோடு மணமகளுக்கு வழங்கப்பெறுவதும், தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதும் வழக்கம். புரட்டாசியில் கொலுப்படி கட்டியதும் இவ்விணை மேற்படியில் முதலில் வைக்கப்படுகிறது. பழைய மரப்பாச்சிகள் பெரும்பாலும் செம்மரத்தால் ஆனவை. அம்மரத்தை இழைத்துக் குழந்தைகளுக்குப் பூசும் வழக்கமும் இருந்தது. அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. வெட்டுதலும் கொண்டுசெல்லுதலும் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில், வேறு மரங்களில் செய்து சாயம் ஏற்றிய மரப்பாச்சிகள் சந்தையில் பெருகின. மரம் மாறியபோதும் பொம்மை மரப்பாச்சியாகவே ஏற்கப்படுவதற்கு, அதன் இணைவடிவமும் உடுத்தும் முறையும் மாறாதிருப்பது ஒரு காரணமாகும்.

உடலமைப்பும் ஆடையும்

மரப்பாச்சி ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுகிறது. கைகள் உடலோடு ஒட்டியிருக்கும். கால்கள் பீடத்தோடு சேர்ந்திருக்கும். இதனால் தைத்த சட்டையை அதற்கு மாட்ட இயலாது. கை நுழைய வழியில்லை. சுற்றிக் கட்டும் ஆடையே அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. புடவை, பாவாடை, வேட்டி, அங்கவஸ்திரம், தலைப்பாகை ஆகியன தையலின்றிச் சுற்றியும் மடித்தும் அமைவன. இரவிக்கை வேண்டுமெனில், துணித்துண்டை முன்புறமிருந்து சுற்றிப் பின்புறம் முடிந்தோ தையலிட்டோ அமைக்க வேண்டும். கைப்பகுதிக்குத் தனியே ஒரு பட்டை சுற்றப்படும். பொம்மையின் வடிவமே ஆடையின் வகையை முடிவுசெய்கிறது.

கட்டுதலா, ஒட்டுதலா என்பது அடுத்த வினா. பசையிட்டு ஒட்டினால் வேலை விரைவில் முடியும், மடிப்பும் கலையாது. ஆயினும் அடுத்த ஆண்டு அதைப் பிரிக்கும்போது துணி கிழியும். மரத்தின் மேற்பரப்பில் பசை தங்கும். நூலால் கட்டிய ஆடையைச் சேதமின்றிக் கழற்றலாம். தலைமுறைகளுக்குக் கைமாறும் பொம்மைக்கு நூற்கட்டே ஏற்றது.

அளவுக் கணக்கு

சிறிய பொம்மைக்கு ஆடை அமைப்பது பெரிய ஆடையைச் சுருக்குவதால் மட்டும் முடிவதன்று. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 160 செ.மீ. உயரமுள்ள பெண் 5.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 115 செ.மீ. அகலமும் உடைய புடவையை உடுத்துகிறார் எனக் கொள்வோம். 16 செ.மீ. உயரமுள்ள மரப்பாச்சி அவரில் பத்தில் ஒரு பங்கு. கணக்குப்படி அதன் புடவை 55 செ.மீ. நீளமும் 11.5 செ.மீ. அகலமும் கொண்டிருக்க வேண்டும். 10 செ.மீ. சரிகைக் கரை 1 செ.மீ. ஆகச் சுருங்க வேண்டும்.

நீளத்தையும் அகலத்தையும் வெட்டிக் குறைக்கலாம். துணியின் தடிப்பைக் குறைக்க இயலாது. 0.2 மி.மீ. தடிப்புள்ள துணி, பத்தில் ஒரு பங்கு உருவத்தின்மேல், மனிதர் 2 மி.மீ. தடிப்புள்ள கம்பளத்தை உடுத்தியதற்கு ஒப்பாகும். மேலும், துணி தன் எடையால்தான் வளைந்து தொங்குகிறது. சிறு துண்டுக்கு அவ்வெடை போதாமையால் கொசுவம் கீழே விழாமல் விரிந்து நிற்கும். புதிய கனத்த பட்டு மரப்பாச்சியின் இடுப்பைப் பருக்கச் செய்வது இதனாலேயே.

பலமுறை துவைத்து நைந்த பழந்துணியைத் தேர்வதும், கொசுவ மடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், இடுப்பைச் சுற்றும் சுற்றுகளைக் குறைத்து முந்தானையை மட்டும் முழுமையாகக் காட்டுவதும் இதற்குரிய தீர்வுகள். பருத்தித் துணியாயின் நீர் தெளித்து, மடித்து, நூலால் கட்டி உலரவைத்தால் மடிப்பு நிலைக்கும். அகன்ற கரைக்குப் பதிலாகச் சரிகை நாடாவையோ இரவிக்கைத் துணியின் ஒடுங்கிய ஓரத்தையோ பயன்படுத்துவர். அணிகலனுக்கும் இக்கணக்கு பொருந்தும். 2 மி.மீ. மணி இவ்வுருவில் 2 செ.மீ. மணியாகத் தோன்றும். ஆகவே ஒட்டியாணத்திற்கு மணியைவிடச் சரிகை இழையும், சடைக்குப் பின்னிய கருநூலும் பொருத்தமாகின்றன. எதைச் சுருக்குவது, எதை விடுவது என்னும் இத்தேர்வில் கைவினை அறிவு வெளிப்படுகிறது.

பருவமும் சிறுபொருளும்

ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வரும் வரலட்சுமி நோன்பில் கலசத்திற்கு முகம் பொருத்திப் பாவாடை உடுத்துகின்றனர். புரட்டாசியில் மரப்பாச்சி மணமக்கள் கோலம் பூணுகிறது. வட இந்தியாவில் இல்லங்களில் வழிபடப்படும் பாலகிருஷ்ணர் திருவுருவுக்குக் கோடையில் பருத்தியும் குளிரில் கம்பளியும் உடுத்துவது வழக்கம். அங்கு ஆடை தட்பவெப்பத்தைப் பின்பற்றுகிறது. மரப்பாச்சிக்கு அது நாட்காட்டியின் சடங்கைப் பின்பற்றுகிறது. இவ்வேறுபாடு குறிப்பிடத்தக்கது.

ஆடையோடு சேர்ந்து வருவன சொப்புச் சாமான்கள். அடுப்பு, குடம், அம்மி, உரல், உலக்கை, திருகை முதலியவற்றின் சிற்றுருக்கள் மரத்திலும் மாக்கல்லிலும் பித்தளையிலும் செய்யப்பட்டுள்ளன. சமையலறையிலிருந்து திருகையும் உரலும் மறைந்த பின்னரும் சொப்பில் அவை நீடிக்கின்றன. புழக்கம் இழந்த பொருள்களின் வடிவத்தையும் பெயரையும் சிற்றுரு காத்துவருகிறது.

ஆடைக்கும் இப்பண்பு உண்டு. மரப்பாச்சியின் துணி பெரும்பாலும் கடையில் புதிதாக வாங்கப்படுவதன்று; கிழிந்த கூரைப்புடவையின் முந்தானை, குழந்தையின் பாவாடையில் மிஞ்சிய துண்டு என இல்லத்துத் துணியே அதற்கு ஆடையாகிறது. முழுப்புடவை அழிந்தபின் அதன் நெசவும் நிறமும் கரையும் எஞ்சியிருக்கும் ஒரே இடமாக மரப்பாச்சியின் ஆடை அமையக்கூடும். அது கழற்றி எறியப்படும்போது ஒரு குடும்பத்தின் நெசவுச் சான்றும் உடன் அழிகிறது.

ஒப்பீடு: ஜப்பானும் தில்லியும்

ஜப்பானில் மார்ச் 3ஆம் நாள் கொண்டாடப்படும் ஹினா விழா கொலுவுடன் ஒப்பிடத்தக்கது. செந்துணி விரித்த படிகளில் மேற்படியில் அரசரும் அரசியும், அடுத்து அரண்மனை மகளிர் மூவரும், அதற்கடுத்து இசைஞர் ஐவரும் அமர்த்தப்படுகின்றனர். கீழ்ப்படிகளில் பெட்டி, பல்லக்கு, மாட்டுவண்டி ஆகியவற்றின் சிற்றுருக்கள் இடம்பெறும். அங்குப் பொம்மையின் தலையைச் செய்வோரும் ஆடை உடுத்துவோரும் தனித்தனித் தொழிற்கலைஞர்களாக மதிக்கப்படுகின்றனர். கிமேகோமி என்னும் வகையில், உடலில் வெட்டிய பள்ளங்களுக்குள் துணியின் ஓரத்தைச் செருகி ஆடை அமைப்பர். எடோ கிமேகோமி பொம்மையை ஜப்பானிய அரசு 1978ஆம் ஆண்டில் மரபுக் கைவினையாக அறிவித்தது. ஆடையமைப்பையே பெயராகக் கொண்ட பொம்மை அரசின் ஏற்பைப் பெற்றுள்ளது.

இந்தியாவில் கேலிச்சித்திரக் கலைஞர் கே. சங்கர் பிள்ளை நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் 1965ஆம் ஆண்டில் புதுதில்லியில் திறக்கப்பட்டது. அங்குப் பல நாட்டுப் பொம்மைகளோடு, இந்திய மாநிலங்களின் உடைகளை அணிந்த பொம்மைகளும் உள்ளன. அவ்வருங்காட்சியகத்தின் பட்டறையிலேயே அவை செய்யப்பட்டன. பொம்மையின் ஆடை ஒரு வட்டாரத்தின் உடைக்குச் சான்றாக நிற்கும் என்பதை இம்முயற்சி உணர்த்துகிறது.

ஆடையை ஆவணப்படுத்துதல்

பொருட்களின் புவிசார் குறியீடுகள் சட்டம், 1999, ஒரு பொருளை அது தோன்றிய இடத்தோடு பிணைத்துக் காக்கிறது. விற்பனைக்குரிய பொருளும் அதை உற்பத்தி செய்வோரும் அதற்கு வேண்டும். மரப்பாச்சியின் ஆடை விற்பனைக்காகச் செய்யப்படுவதன்று. அதைச் செய்வோர் சங்கமாக அமைந்தவரும் அல்லர். எனவே இச்சட்டத்தின் வழியாக அதற்குப் பாதுகாப்புத் தேடுவது பொருந்தாது. ஆவணப்படுத்தலே ஏற்ற வழியாகும்.

மரச்சிற்பங்களைப் பட்டியலிடும்போது மரவகை, உயரம், காலம், செய்த இடம் ஆகியன குறிக்கப்படுதல் வழக்கம். மரப்பாச்சிக்கு இவற்றோடு வேறு சிலவும் சேர்க்கப்பட வேண்டும். துணி எந்த ஆடையிலிருந்து எடுக்கப்பட்டது, யாருடையது, எந்த ஆண்டு உடுத்தப்பட்டது, கட்டப்பட்டதா ஒட்டப்பட்டதா, மடிப்புகள் எத்தனை, அணிகள் எப்பொருளால் ஆனவை, உடுத்தும் முறையை யாரிடமிருந்து கற்றார் ஆகியன அவை. பழைய ஆடையைக் கழற்றுமுன் முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்து, கழற்றிய துணியைத் தாளில் சுற்றி ஆண்டு எழுதி வைத்தல் எந்த இல்லத்திலும் இயலக்கூடியது. கள்ளக்குறிச்சியில் மரச்சிற்ப மரபை ஆராய்வோர் தச்சுக்கூடத்தோடு நின்றுவிடாமல் கொலுப்படிவரை பொருளைப் பின்தொடர்ந்தால் இச்செய்திகள் கிடைக்கும்.

முடிவுரை

மரப்பாச்சி இருவர் கைகளில் முழுமை பெறும் பொருள். செதுக்குவோர் அதற்கு நிலைத்த வடிவம் தருகின்றனர். உடுத்துவோர் ஆண்டுதோறும் அதற்குப் புதிய கோலம் தருகின்றனர். ஒட்டிய கைகளுக்கு ஏற்ற சுற்றாடை, குறைக்க இயலாத துணித்தடிப்பைச் சமாளிக்கும் தேர்வு, நாட்காட்டிச் சடங்கோடு இணைந்த ஆடைமாற்றம், இல்லத்து நெசவைச் சேமிக்கும் பழந்துணி ஆகியவை அக்கோலத்தின் கூறுகள் என்பது இக்கட்டுரையால் தெளிவாகிறது. 'புனைதல்' என்னும் ஒரே சொல்லில் தமிழ் இணைத்து வைத்த இரு தொழில்களுள் ஒன்று இன்று பதிவு பெற்றுள்ளது. மற்றொன்றை அறிந்த மூத்த பெண்கள் வாழும் காலத்திலேயே அதனையும் பதிவு செய்தல் நாட்டார் வழக்காற்றியல், ஆடையியல் ஆகிய இரு துறைகளின் கடமையாகும்.